கத்திரிக்கு எடுத்து வைத்த நெய்

துலுக்காணம் கத்தி எடுத்ததே இல்லை. சாம்பல்குப்பத்தில் ஆளைத் தீர்த்துக்கட்டக் கத்தி தேவைப்படாமல் போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. உச்சி வெயிலில் ஒருவனை உப்பளக் கரையில் இறக்கிவிட்டு ஓடச் சொன்னால் போதும். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

ஓட விடுவது என்று அதற்குப் பெயர். குப்பத்துப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லும், துலுக்காணம் நிறைவேற்றுவான். ஓடுகிறவன் பின்னால் பேட்டரி வண்டியில் உட்கார்ந்தபடியே போவான். கையில் இரும்புக் கம்பி. நின்றால் முழங்காலுக்குப் பின்னால் ஓர் அடி விழும். போன தை மாதம், கூட வேலை செய்தவனின் மருந்துக் குழாயைப் பறித்துக்கொண்ட கன்னியப்பன் என்பவனை உப்பளத்தைச் சுற்றி ஓட விட்டார்கள். முதல் சுற்றில் அவன் துலுக்காணத்தின் அம்மாவை இழுத்து ஏசினான். இரண்டாவது சுற்றில் அதே அம்மாவின் பெயரைச் சொல்லிக் கெஞ்சினான். மூன்றாவது சுற்றின் பாதியில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வாயிலிருந்து இளஞ்சிவப்பாக நுரை தள்ளியது. துலுக்காணம் வீட்டுக்குப் போய்க் கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு தட்டு சோறு தின்றான். தொண்டைக்குள் நன்றாகவே இறங்கியது. அதை மறைத்து அவனை நல்லவனாக்கிச் சொல்வதில் பிரயோஜனமில்லை.

குப்பத்துக்குப் பின்னால் மூன்று புகைபோக்கிகள், முன்னால் நிலக்கரித் துறைமுகம், நடுவே ஓயாத லாரிகள். வெறும் புகையாக இருந்தவரை ஜனங்கள் இருமிக்கொண்டே பிழைத்துவிட்டார்கள். வெயில் அந்தப் புகையைக் காய்ச்சி ஓசோனாக்கத் தொடங்கிய பிறகுதான் பகல் பதினோரு மணிக்குச் சங்கு ஊதும் வழக்கம் வந்தது. சங்கு ஊதினால் கதவைச் சாத்தி, இடுக்குகளில் கரித்தூள் மூட்டைகளை அடைத்து, நாலு மணிவரை உள்ளேயே கிடக்கவேண்டும். வாசலில் மறந்துவிட்ட ரப்பர் செருப்பு பத்தே நாளில் வரிவரியாக வெடித்துவிடும். ரப்பருக்கே அந்தக் கதி.

ஆனால் கப்பல் உச்சிவேளை பார்த்து நிற்காது. நிலக்கரி இறக்கப் போகிறவர்களுக்கென்று கம்பெனி ஒரு கண்ணாடிக் குழாய் கொடுத்தது. விரல் நீளம், உள்ளே மஞ்சளாக எண்ணெய். கழுத்தை ஒடித்து ஒரு சின்ன ஊதுபெட்டியில் பொருத்தி, வாயில் வைத்து இழுத்தால் பனிபோல உள்ளே போகும். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ரயில் நீளத்துக்கு இருந்தது. குப்பத்து ஜனங்கள் நெய் என்றார்கள். நெய் நெஞ்சுக்குள் படிந்துவிட்டால் நிதானமாக வேலை செய்கிறவனுக்கு ஆறு மணிநேரம் தாங்கும். ஓடுகிறவனுக்கு அரை மணிகூடத் தாங்காது.

ஆளுக்கு ஒரு குழாய். குழந்தைகளுக்குக் கிடையாது. அதனால் சாம்பல்குப்பத்து ஆண்களும் பெண்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலைக்குப் போகும்போது பாதியை மட்டும் இழுத்துக்கொண்டு, ஒடிந்த கழுத்தை மெழுகால் அடைத்து, மீதியை இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அரிசிப் பானையிலும் சாமி மாடத்திலும் சேர்த்து வைத்தார்கள். சித்திரை கடைசியில் கத்திரி வெயில் தொடங்கும் அன்று எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பாதி எடுத்து வைக்காத அப்பனை அந்தக் குப்பத்தில் யாரும் அப்பனாகவே மதிப்பதில்லை.

போன வருஷக் கத்திரியில் பத்தொன்பது பிள்ளைகள் செத்தார்கள். எடுத்து வைத்தது போதவில்லை என்று முடிவு செய்து, இந்த வருஷம் எல்லாரும் இரண்டு மடங்கு வைத்தார்கள்.

துலுக்காணத்துக்கு ஒரே மகள், பவானி, ஒன்பது வயது. சென்ற கத்திரியில் நுரை தள்ளிப் பிழைத்தவள். அவள் இருமும் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்திலேயே விழிப்பது அவனுக்குப் பழகிவிட்டது. கரையில் உட்கார்ந்து ஆள் கொல்லும் வேலையை அவன் ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான். ஓட விடும் நாளில் பஞ்சாயத்து பாதிக் குழாய் ஒன்று கூடுதலாகத் தரும். அப்படியும் வேலையில் மிச்சம் பிடித்தும் சேர்த்த பதினாலு பாதிக் குழாய்கள் அரிசிப் பானையில் இருந்தன. பத்து நாளைக்கு முன்னால் பதினாலும் காணாமல் போயின.

அவன் வீடு மட்டுமில்லை, இருபது முப்பது வீடுகளில் போயிருந்தது. பிள்ளை வாயிலிருந்து பிடுங்கித் தின்கிறவன் யாராக இருந்தாலும் மூன்று சுற்று இல்லை, முப்பது சுற்று ஓட விடுவேன் என்று துலுக்காணம் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

கத்திரி தொடங்கிய அன்று காலை எட்டு மணிக்கு ஆள் சிக்கினான். ரமணியம்மா வீட்டுப் பின்கதவு வழியாக வெளியே வந்தவனின் சட்டைக்குள் மூன்று பாதிக் குழாய்கள் இருந்தன. கம்பெனி மருந்தகத்துக் கம்பௌண்டர் சற்குணம். கும்பகோணம் பக்கத்திலிருந்து மூன்று வருஷத்துக்கு முன் வந்தவன், கட்டைப் பிரம்மச்சாரி. அவன் கட்டிலுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் குழாய்கள் கிடைத்தன.

பழைய படகுக் கொட்டகையில் அவனைத் தூணில் கட்டிவைத்து அடித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் கஜபதி முதலில் அடித்தார், பிறகு மற்றவர்கள், கடைசியில் துலுக்காணம். வலது கை விரல்களில் இரண்டை அவன்தான் ஒடித்தான். ஒடியும் சத்தம் அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

"எத்தினிக்குடா வித்த?" என்று கேட்டார் கஜபதி.

"விக்கல," என்றான் சற்குணம். உதடு கிழிந்து தொங்கியது. "கொட்டத்தான் எடுத்தேன். கடல்ல."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. கஜபதி தீர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து போனார். சங்கு ஊதும் நேரம் நெருங்கியதால் மற்றவர்களும் கலைந்தார்கள். கைதியும் துலுக்காணமும் மட்டும் மிஞ்சினார்கள்.

"துலுக்காணம்ணே," என்றான் சற்குணம். "ஒரே ஒரு கேள்வி. எண்ணெய் பாட்டில மூடாம ரெண்டு மாசம் வெச்சா என்ன ஆகும்?"

"சிக்கு வாடை அடிக்கும். அத்த இன்னாத்துக்குக் கேக்கற?"

"நம்ம நெஞ்சுக்குள்ளயும் ஒரு கொழுப்புப் பூச்சு இருக்குண்ணே. அது இருக்கறதாலதான் நுரையீரல் ஒட்டிக்காம விரியுது. ஓசோன் அந்தக் கொழுப்பக் கடிக்குது. கடிபட்ட துளி சிக்காயிடுது. அது பக்கத்துத் துளியையும் சிக்காக்கும், அது அடுத்ததை. அப்படியே பரவும். இந்த நெய் என்ன பண்ணுது? மொதல்ல என்னைக் கடின்னு முன்னாடி போய் நிக்குது. கொழுப்புக்குப் பதிலா அது சாகுது. அதான் அதோட வேலை."

"அதான் புள்ளைங்களுக்குக் குடுக்கறோம்."

"கழுத்த ஒடிச்ச நிமிஷமே அது சாக ஆரம்பிச்சிடுது. மெழுகு வெச்சா காத்து நிக்குமா? ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்தா உள்ள நெய்யே கெடையாது, வெறும் சிக்கு. அதைப் பனியாக்கிப் புள்ளைங்க நெஞ்சுக்குள்ள ஊதறீங்க. அது சும்மா கெடக்காதுண்ணே, உள்ள இருக்கறதையும் சேத்துக் கெடுக்கும். ஒண்ணுமே குடுக்காம கதவச் சாத்தி வெச்சிருந்தா பாதிப் புள்ளைங்க பொழைச்சிருக்கும்."

"இத்தச் சொல்றதுக்கு வாயில்லயா உனுக்கு?"

"நோட்டீஸ் ஒட்டினேன். கிழிச்சீங்க. பாதி எடுத்து வெக்காதேன்னு கம்பெனி சொன்னா, கம்பெனி கஞ்சத்தனம்னீங்க. நான் சொன்னா, கம்பெனி ஆளுன்னீங்க. நீங்ககூட ஒரு தடவ என் சட்டையப் புடிச்சீங்கண்ணே."

பிடித்தது உண்மைதான். துலுக்காணம் இப்போதும் அதையே செய்தான். சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் ஒரு குத்து விட்டான். பற்கள் இரண்டு விழுந்தன. தன் கையால் சேர்த்ததை ஒருவன் விஷம் என்று சொன்னால் வேறென்ன செய்வது?

பன்னிரண்டு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. துலுக்காணம் முழுக் குழாய் ஒன்றை இழுத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்திருந்தான். தூரத்தில் இன்னொரு வண்டியில் கஜபதியும் அவர் தம்பி ஏகாம்பரமும் தீர்ப்பு நிறைவேறுவதைப் பார்க்க வந்திருந்தார்கள். உப்பளத்தின் வெள்ளை கண்ணைக் குத்தியது. காற்றில் ஒரு காரமான நெடி.

சற்குணம் ஓடினான். ஓடினான் என்பதைவிடத் தடுமாறினான் என்று சொல்லலாம். முதல் சுற்றில் இரண்டு முறை விழுந்தான், இரண்டு முறையும் கம்பி விழுந்தது. இரண்டாவது சுற்றில் அவன் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது. துலுக்காணம் ஏச்சுக்குக் காத்திருந்தான். அது வரவில்லை. கெஞ்சலும் வரவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

"இன்னாடா, வாயடிச்சியே, இப்ப பேசு!" என்று தொடையில் ஓங்கி அடித்தான். எலும்பில் பட்ட அதிர்வு கைக்கு ஏறியது.

சற்குணம் முழங்கால் மடங்கி விழுந்தான். தலையை மட்டும் தூக்கினான். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு கேள்வி கேட்டான்.

"பவானி... பத்து நாளா... இருமறாளா?"

அடுத்த அடிக்கு ஓங்கிய கம்பி மேலேயே நின்றது.

நேற்று மகள் வாசலில் பாண்டி ஆடினாள். முந்தாநாள் தம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நாலு நாளாகத் துலுக்காணம் விடியும் வரை தூங்குகிறான். ஏன் தூங்குகிறோம் என்று அவன் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. குழாய் களவு போன கோபத்தில் மகள் இருமாததைக் கவனிக்கவே அவனுக்கு நேரமிருக்கவில்லை. தினம் காலையில் அவள் வாயில் அடிக்கும் அந்தச் சிக்கு வாடை, தலைக்கு வைத்த எண்ணெயின் வாடை என்றுதான் அவன் நினைத்திருந்தான். இப்போது அதுவும் இல்லை.

அவன் மனைவி அஞ்சலை கத்திரிவரை பொறுப்பதில்லை. இருமல் அதிகமான நாளெல்லாம் பானையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுப்பாள். கொடுக்கச் சொன்னதே அவன்தான்.

பிறகு, விரும்பாமலேயே, போன வருஷம் செத்த பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரமணியம்மாவின் மூத்த பையன் ஞாபகத்துக்கு வந்தான். ரமணியம்மாவைப்போலக் குழாய் சேர்த்தவள் குப்பத்திலேயே கிடையாது. அவளும் புருஷனும் கால் குழாயோடு வேலைக்குப் போய், முக்கால் குழாய் எடுத்து வைப்பார்கள். அந்தப் பையன்தான் முதலில் செத்தான்.

துலுக்காணம் வண்டியிலிருந்து குதித்தான். சற்குணத்தைத் தூக்கி வண்டியில் போட்டான். ஆள் கனமே இல்லை. வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை கட்டியிருந்தது.

"கம்பௌண்டரு! டேய்! புள்ளைக்கு இன்னா மருந்து, சொல்லு!"

சற்குணத்தின் கண்கள் அவனைத் தேடிப் பிடித்தன. "குடுக்காம... இருந்தாலே... போதும்ணே," என்றான். பிறகு நுரைதான் வந்தது. துலுக்காணம் அவனைப் பக்கவாட்டில் திருப்பினான், வாயைத் துடைத்தான், முதுகில் தட்டினான். எத்தனையோ பேர் இப்படிச் சாவதைப் பார்த்தவனுக்கு, சாகாமல் வைப்பது எப்படி என்று தெரியவில்லை. அவன் மடியிலேயே சற்குணம் அடங்கிப் போனான்.

ஓட்டத்தை நிறுத்துகிறவன் தானே ஓடவேண்டும் என்பது பஞ்சாயத்துச் சட்டம். கஜபதியின் வண்டி வந்து குறுக்கே நின்றது.

"இன்னா துலுக்காணம், மடில போட்டுத் தாலாட்டறியா?" என்றார் கஜபதி.

"தலைவரே, அந்த டப்பா எங்க?"

"எந்த டப்பா?"

"கொழாய் டப்பா! இவங்கிட்ட எடுத்தது!"

"காத்தாலயே பிரிச்சுக் குடுத்தாச்சுபா. கத்திரியாச்சே, வூட்டுக்கு நாலு. பொம்பளைங்கலாம் என்ன கையெடுத்துக் கும்புட்டாளுங்க. உன் பொண்டாட்டியும் வந்து வாங்கிக்கினு போனா."

துலுக்காணம் வண்டியைத் திருப்பினான். ஏகாம்பரம் இறங்கிவந்து கைப்பிடியைப் பிடித்தான். "எங்க போற? எறங்கு. எறங்கி ஓடு."

பேச நேரமில்லை. பேசினாலும் கேட்கமாட்டார்கள், அவனே கேட்கவில்லையே. துலுக்காணம் கம்பியின் முனையை ஏகாம்பரத்தின் வயிற்றில் குத்தினான். அந்தக் காற்றில் சண்டை போடத் தெரிந்தவன் மண்டையை உடைக்கமாட்டான், மூச்சை உடைப்பான். வயிற்றில் வாங்கினவன் வாயைத் திறந்து காற்றை இழுத்தே ஆகவேண்டும். ஏகாம்பரம் மடங்கி விழுந்து, கரையில் விழுந்த மீன் மாதிரி வாயைத் திறந்தான்.

கஜபதி பின்னாலிருந்து கழுத்தில் கையைப் போட்டார். வயசு அறுபதானாலும் கை உலக்கையாக இருந்தது. இருவரும் உப்புச் சேற்றில் புரண்டார்கள். துலுக்காணத்தின் காதைக் கஜபதி கடித்தார். துலுக்காணம் கட்டைவிரலால் அவர் தொண்டைக் குழியை அழுத்தினான், அவர் கை தளரும்வரை எடுக்கவில்லை. எழுந்தபோது தன் மூச்சும் விசில் அடிப்பதைக் கேட்டான். வாயில் உப்புக் கரித்தது. சேறு என்று நினைத்துத் துப்பினான். சிவப்பாக விழுந்தது.

அவர்களை அப்படியே விட்டுவிட்டு, சற்குணத்தின் உடலோடு வண்டியை விரட்டினான்.

வீட்டுக் கதவை உதைத்துத் திறந்தான். அஞ்சலை அலறிக்கொண்டு எழுந்தாள். அடைத்து வைத்த கரிமூட்டை சரிந்து தரையெல்லாம் கறுத்தது. பவானி பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஊதுபெட்டி.

"குடுத்துட்டியா?"

"இன்னாயா இது, ரத்தமும் சேறுமா..."

"நெய் குடுத்துட்டியாடீ?"

"ரெண்டு குடுத்தேன். பத்து நாளா ஒண்ணுமே இல்லாம கெடந்துச்சே புள்ள, சேத்துக் குடுத்தா தேவலன்னு... இன்னும் ரெண்டு கீது, சாயங்காலத்துக்கு..."

துலுக்காணம் மகள் முன் மண்டியிட்டு அவள் வாயை முகர்ந்தான். சிக்கு வாடை அடித்தது. அவனுக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது. அழவும் மூச்சு வேண்டுமே.

"நைனா, நாத்தமா அடிக்குது?" என்று கேட்டாள் பவானி. பிறகு லேசாக, ஒரே ஒரு தடவை இருமினாள்.

மீதியிருந்த இரண்டு குழாய்களையும் சுவரில் அடித்து உடைத்தான். அஞ்சலை அவன் கையைப் பிடித்துத் தொங்கினாள். "அய்யோ, பாவி! இன்னாயா பண்ற?"

"அது வெசம்டீ. கெட்டுப் போனது. கம்பௌண்டரு சொன்னது மெய்தான்."

"அவன் சொன்னான்னு நீயும் நம்பிட்டியா?" அஞ்சலை அவன் நெஞ்சில் குத்தினாள். "உனுக்கு இன்னாய்யா குடுத்தான் அவன்? எவ்ளோ வாங்கின?"

பத்து வருஷத்துக்கு மேல் கூடக் குடித்தனம் செய்தவள் கேட்ட கேள்வி அது. மற்றவர்கள் என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னொண்ணு வாயில வெச்ச, உன்னக் கொன்னுடுவேன்" என்று மட்டும் சொன்னான். கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அடுத்த வீட்டில் கேட்கவில்லை, உடைத்தான். அதற்கடுத்த வீட்டில் நாலு குழாய்களும் ஜன்னலோரத்தில் வரிசையாக இருந்தன. ஒரே வீச்சில் நொறுக்கினான். மூன்றாவது வீட்டில் ஒரு கிழவன் அரிவாள்மனையைத் தூக்கினான், தோளில் ஆழமாக வெட்டு விழுந்தது. துலுக்காணம் அவனைச் சுவரோடு தள்ளிவிட்டு டப்பாவைப் பிடுங்கினான். "திருடன், திருடன்!" என்று சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. நெஞ்சுக்குள் தீக்கங்கு உருளுவது போலிருந்தது. இன்னும் எத்தனை வீட்டுக்கு மூச்சு வரும் என்று மனக்கணக்குப் போட்டபடி நடந்தான்.

ஐந்தாவது வீடு ரமணியம்மாவுடையது. தாழ்ப்பாள் மூன்றாவது உதையில் பெயர்ந்தது. இளைய பையனை மடியில் கிடத்தி, ஊதுபெட்டியை அவன் வாயருகே கொண்டுபோயிருந்தாள் ரமணியம்மா. துலுக்காணம் பெட்டியைத் தட்டிவிட்டான். அது அடுப்பில் போய் விழுந்தது. மடியிலிருந்த மற்ற மூன்று குழாய்களை அவள் இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் விரல்களைப் பிரித்தான். அவள் மணிக்கட்டைக் கடித்தாள். பல் உள்ளே இறங்கியது.

"மூத்தவனத்தான் வாரிக் குடுத்துட்டேனே," என்று கதறினாள். "இவனுக்குன்னு வெச்சது இது. இத்த ஏண்டா எடுக்கற? ஏண்டா? சொல்லுடா!"

சொல்லலாம் என்றுதான் அவன் வாயைத் திறந்தான். அவளுக்குப் பின்னால் சுவரில் மூத்த பையனின் போட்டோ மாட்டியிருந்தது, காலையில் சாத்திய பூவோடு. யாரும் செய்யாத அளவுக்கு முக்கால் குழாய் எடுத்து வைத்து, தன் கையாலேயே ஊதிவிட்டவள் அவள். காரணத்தைச் சொன்னால் அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

துலுக்காணம் அவள் விரல்களைப் பிரித்து மூன்றையும் பிடுங்கிக்கொண்டான்.

"எனுக்கு வோணும்," என்றான். "என் பொண்ணுக்கு."

அவள் அவன் முகத்தில் காறித் துப்பினாள். அதைத் துடைக்காமல் அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.